இரண்டு சீல்

கண்ணால் பார்க்காத சாமானுக்குக் காசு கொடுக்கிறவனை என்ன சொல்வது? நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. சொன்னது என் மகள் அகல்யாவிடம். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரைப் போனிலேயே வாங்கிவிட்டாள். ஆயிரத்து நானூற்று எண்பது வெள்ளி. கடைக்காரன் முகம் தெரியாது. கடைக்குக் கதவு இருக்கிறதா, ஜன்னல் இருக்கிறதா, அதுவும் தெரியாது.

அவள் மேலும் குற்றம் சொல்ல முடியாது. வேலை பார்த்த மருந்துக்கடையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். கடைசியில் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று வேலை கொடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். கிளினிக்குகள் அனுப்பும் பில்லைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், அதுவும் அவர்கள் சொன்ன அளவில். முதல் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அது ஓடவில்லையென்றால் வேலை வேறு ஒருத்திக்குப் போய்விடும். பணத்தில் பாதி என்னுடையது, பாதி அவளும் அவள் புருஷனும் போட்டது. இன்னொரு ஆயிரத்து நானூற்று எண்பது எங்கள் வீட்டில் எந்தச் சட்டைப் பையிலும் இல்லை.

நான் ராமையா. சுங்கை ஊடாங்கில் ஒரு தொழிற்சாலை கேட்டில் இருபத்தாறு வருஷம் ஜாகாவாக, காவலுக்கு நின்றவன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரைக்கும்தான் படிப்பு. மற்றதெல்லாம் கேட்டில் படித்தது. லாரிக்காரன் சிரித்தால் சீலைப் பார். சிரிக்காவிட்டாலும் சீலைப் பார். வந்த நேரம், லாரி நம்பர், சீல் நம்பர் மூன்றையும் எழுது. வெட்டின சீலை வீசாதே, புத்தகத்தில் ஒட்டி வை. நாளைக்குச் சாமான் குறைந்தால் உன் வாயை எவனும் நம்பமாட்டான், ஒட்டின சீலைத்தான் நம்புவான்.

வேலையை விட்டு ஒன்பது வருஷமாகிறது. பழக்கம் விடவில்லை. கோலா சுங்கை பாரு பக்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் எந்த லாரி வந்தாலும் என் 555 புத்தகத்தில் ஏறிவிடும். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, உள்ளங்கை அளவு, அதே புத்தகம்தான். சமையல் கேஸ் தோம்பு கொண்டுவருகிறவன், மீன்காரன், தண்ணி மீட்டர் பார்க்கிறவன் எல்லாரும் அதில் உண்டு. என் சம்சாரம் மீனம்மா கேட்பாள்: "நான் எப்பக் குளிச்சேன்னும் எழுதிட்டீங்களா?"

மருமகன் திலீபனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறான். சுங்கை ஊடாங்கில் ஒரு பார்சல் கூடத்தில் வேலை. வருகிற பெட்டியை ஊர் ஊராகப் பிரித்துப் போடுவான். அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாத ஆளை நான் நம்புவதில்லை. அதிகம் பேசுகிறவனையும் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பெட்டி வந்தது. வெள்ளை லாரி, நம்பர் 4417. எழுதிக்கொண்டேன். திலீபனுக்கு அன்றைக்கு லீவு. பெட்டி பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை வீடியோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுதென்றால் பணம் திரும்பாது என்று கடைக்காரன் எழுதியிருந்தானாம். திலீபன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அகல்யா டேப்பைக் கிழித்தாள். உள்ளே கறுப்பாக, அரிசித் தகரம் அளவுக்கு ஒரு மெஷின்.

எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

பக்கத்துத் தகடும் பின் தகடும் சேரும் இடத்தில் வெள்ளி நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சீல். திறந்தால் கிழிந்துவிடும், அந்த ரகம். ஓரம் சரியாக உட்காரவில்லை. குனிந்து பார்த்தேன். அடியில் இன்னொரு சீல். பழுப்பேறிய பழைய சீல், ஒரு மயிரிழை வெளியே தெரிந்தது.

சீல் இரண்டு. கேட்டில் நின்றவனுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். எவனோ திறந்திருக்கிறான், மறுபடி மூடி மேலே புதுசு ஒட்டியிருக்கிறான்.

நான் வாயைத் திறக்கவில்லை. சந்தேகம் வந்த உடனே கத்துகிற ஜாகா கள்ளனைப் பிடிக்கமாட்டான். எழுதிக்கொள், ஆளைப் போகவிடு, பிறகு பிடி. கடைக்கும் என் வாசலுக்கும் நடுவில் பெட்டியில் கை வைக்கிற ஆள் யார்? பார்சல் கூடத்துக்காரன். பார்சல் கூடத்தில் எனக்குத் தெரிந்தவன் யார்? எழுதினேன்: "சீல் இரண்டு. அடியில் பழையது. கூடத்தில் மாற்றியிருப்பார்கள். திலீபன் மேல் கண்."

மீனம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை வந்த சாமானைப் பொட்டு வைக்காமல் ஓட்டக் கூடாது என்றாள். சந்தனத்தைக் கரைத்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் மூன்று இடத்தில் வைத்தேன். மேலே குங்குமம். எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் முறையாக நடந்தது. பிறகு சுவிட்சைத் தட்டினார்கள். வெளிச்சம் வந்தது. அகல்யா சிரித்தாள்.

இருபது நிமிஷத்தில் அணைந்துவிட்டது.

மறுபடி தட்டினால் வரும், இருபது நிமிஷத்தில் போகும். சனிக்கிழமை முழுக்க இதே கூத்து. பின்னால் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அகல்யா கடைக்காரனுக்குப் போனில் எழுதினாள். அவன் பதில் 'டியர்' என்று ஆரம்பித்தது.

"யாரு இவன், டியர் போடறான்?" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித்தாம்பா போடுவாங்க."

"உங்கம்மா கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. முன்னப் பின்ன தெரியாதவன் கொஞ்சினா, பையைத் தடவிப் பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரன் போனில் கூப்பிட்டான். அதுவரை எழுதிக்கொண்டிருந்தவன் இப்போது ஏன் வாயால் பேசுகிறான்? எனக்கு அங்கேயே உறுத்தியது. நேரத்தை எழுதினேன். பதினொன்று ஐந்து. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அகல்யா சொன்னாள்: "பக்கத்துத் தகட்டைத் திறந்து ரேமைக் கழட்டித் துடைச்சு மாட்டணுமாம்."

அடுப்படியிலிருந்து மீனம்மா குரல் வந்தது. "யாரு, உங்கப்பாவையா? கழட்டிப் பாரு. நாப்பது வருஷமா லூசாத்தான் இருக்கு."

என் பேரை வைத்துச் செய்த கேலிக்குத் திலீபன்கூடச் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. "திறக்கச் சொன்னதை எழுத்துல அனுப்பச் சொல்லு. வாயால சொன்னதுக்குச் சாட்சி இல்ல."

"முதல் தேதி வந்துரும் மாமா. அவன் எழுதி அனுப்பறதுக்குள்ள ஒரு நாள் போயிரும்," என்றான் திலீபன். திருப்புளியை எடுத்துத் தகட்டைத் திறந்தான். சீல் கிழிந்தது.

இரண்டு சீலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபடியே பிய்ந்து கீழே விழுந்தது. பொறுக்கி எடுத்தேன். அடுப்படிக்குப் போய் நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கி, வெள்ளிக்கிழமை எழுதிய வரிக்குக் கீழேயே ஒட்டினேன்.

"அது எதுக்கு மாமா?"

"பழக்கம்," என்றேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் எதுவும் தெரியவில்லை. கைதேர்ந்தவன் முகத்தில் எப்போது தெரிந்திருக்கிறது?

அந்த ரேமோ என்னமோ, அதைத் துடைத்து மாட்டியும் ஒன்றும் ஆகவில்லை. இருபது நிமிஷம்தான். அகல்யா படம் பிடித்து, வீடியோவையும் சேர்த்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. நல்ல மழை. அகல்யா ஹாலில் நின்றபடியே படித்தாள். பணம் கிடையாது. காரணம் மூன்று. ஒன்று, சுவிட்சு பக்கம் சிவப்பாக ஏதோ ஊற்றியிருக்கிறீர்கள், உள்ளே இறங்கி மெஷின் கெட்டிருக்கிறது. இரண்டு, சீலைக் கிழித்திருக்கிறீர்கள். மூன்று, வீடியோ நடுவில் வெட்டியிருக்கிறது. முதல் துண்டில் மெஷின் சுத்தமாக இருக்கிறது, இரண்டாவது துண்டில் சிவப்பாக இருக்கிறது, நடுவில் என்ன செய்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் விற்பனையை நடத்துகிற பெரிய கம்பெனியிடம் முறையிடலாம். கெடு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி.

"திறக்கச் சொன்னதே அவன்தானே!" என்றாள் அகல்யா.

"எழுத்துல வாங்குன்னு சொன்னேன்."

"அப்பா, இப்ப வேணாம்."

எனக்கு மூன்றாவது காரணம்தான் பிடித்தது. சங்கிலியில் கடைசிக் கண்ணி கிடைத்த மாதிரி இருந்தது. திலீபன் பக்கம் திரும்பினேன்.

"வீடியோவை ஏன் வெட்டின?"

அவன் அகல்யாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எடுக்கணும்னு தெரியும்ல? நடுவுல எதுக்கு நிறுத்தின? எதை மறைக்க?"

"விடுங்க மாமா."

"ஏன் விடணும்?"

மீனம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "நிறுத்தச் சொன்னதே நீங்கதானே! 'சாமி காரியத்தை ஏண்டா படம் பிடிக்கற, நிறுத்துடா'ன்னு கத்தினது யாரு? நீங்க போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா எட்டிப் பாத்துச்சு. புள்ள மரியாதைக்குச் சும்மா நிக்குது, அதைப் போட்டு வறுத்தெடுக்கறீங்க."

நான் கத்தியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொட்டு வைக்கும்போது நிறுத்தச் சொன்னேன். முகம் தெரியாத கடைக்காரனுக்கு என் வீட்டுச் சூடம் எதற்கு என்று சொன்னேன். என் 555-இல் எல்லாரும் செய்தது இருந்தது. நான் சொன்னது மட்டும் இல்லை.

சரி, அந்தத் தப்பு என் மேல் என்றே வைத்துக்கொள்வோம். பொட்டும் நான் வைத்ததுதான். ஆனால் இரண்டு சீல்? அது நான் ஒட்டியதில்லையே. பொட்டு வைத்துக் கெட்டுப்போக மெஷின் என்ன வாழைப்பழமா? எவனோ நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை உள்ளே வைத்திருக்கிறான். ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

புதன்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுங்கை ஊடாங்குக்குப் போனேன். புத்தகம் சட்டைப் பையில். திலீபன் கூடத்து மானேஜரைப் பார்த்து, ஒட்டி வைத்த சீலைக் காட்டிக் கேட்டுவிடுவது என்று முடிவு. கேட்டில் நின்ற ஜாகா என்னைப் பார்த்ததும் சல்யூட் அடித்தான். சுகுமாரன்! தொழிற்சாலையில் எனக்குக் கீழே எட்டு வருஷம் நின்றவன்.

"அண்ணே! பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு. ஒரு விசாரணை."

"நீங்க எப்ப விசாரணை இல்லாம வந்தீங்க?" ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உங்க மருமகன் உள்ளதான் இருக்கான். கூப்பிடவா?"

"வேணாம். அவனுக்குத் தெரிய வேணாம்."

அவன் சிரிப்பு நின்றது. பதினாலாம் தேதி மகளுக்கு வந்த ஒரு பெட்டி, உள்ளே சீல் இரண்டு என்று சொன்னேன். பெயர் எதையும் சொல்லவில்லை. ஜாகாவுக்கு ஜாகா, அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? லாரி நம்பர். புத்தகத்தைத் திறந்து காட்டினேன்.

"4417. வெள்ளை லாரின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அண்ணே, அங்க பாருங்க." கூடத்துக்குள்ளே கையைக் காட்டினான். வரிசையாக ஏழெட்டு லாரி நின்றது. எல்லாம் பச்சை. "எங்ககிட்ட வெள்ளை லாரியே கிடையாதுலா. 4417 கிளேபாங் பக்கத்து இன்னொரு கம்பெனியோடது. அவனுங்க பெட்டி எங்க கேட்டுக்குள்ள வர்றதே இல்ல."

நான் லாரிகளைப் பார்த்தேன். வேலைக்கு ஆள் ஏற்றிப் போக எங்கள் தாமானுக்கே இவர்களுடைய பச்சை வேன் வருகிறது. ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு வந்தது வெள்ளை என்று என் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை.

சுகுமாரன் ஒட்டி வைத்த சீலை நகத்தால் தொட்டுப் பார்த்தான். "இது கடைக்காரன் வேலைண்ணே. யாரோ திருப்பி அனுப்பின சாமான். மேல புதுசு ஒட்டி உங்க தலைல கட்டிட்டான். உங்க மகக்கிட்ட இதைக் காட்டினீங்களா?"

"இல்ல."

"அஞ்சு நாளாவா?"

அவன் சீலுக்கு மேலே இருந்த வரியையும் படித்திருப்பான். அவனுக்குத் தமிழ் தெரியும். புத்தகத்தை மூடிக் கொடுத்தான். "ஒரு கிளாஸ் தே குடிச்சிட்டுப் போங்கண்ணே," என்றான். குடிக்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் அகல்யா போனை வைத்துக்கொண்டு எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். முறையீட்டில் எழுத அவளிடம் எதுவும் இல்லை. 'நாங்கள் அப்படிச் செய்யவில்லை' என்பதைத் தவிர. நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன்.

அந்தப் பக்கத்தைக் காட்டினால் பணம் வரலாம். காட்டினால் அந்த வரியும் தெரியும். கத்தரிக்கோலால் அந்த வரியை மட்டும் வெட்டிவிடலாம் என்று பார்த்தேன். சீலின் மேல் ஓரம் அந்த வரி மீது ஏறியிருந்தது. வெட்டினால் சீல் கிழியும். பேனாவால் அடித்துவிடலாமா? பேனாவைக்கூடக் கையில் எடுத்தேன். அடித்த வரி இருக்கிற புத்தகத்தை எங்கள் பழைய மானேஜர் தொடக்கூட மாட்டார். எதை மறைச்சே என்றுதான் கேட்பார். செவ்வாய்க்கிழமை நான் கேட்டதும் அதே கேள்விதான்.

புதன்கிழமை போய்விட்டது. வியாழக்கிழமை மத்தியானம் திலீபன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். சாப்பிடும்போது அகல்யா சொன்னாள்: "வேலை குடுத்த கம்பெனிக்கு இன்னிக்கே சொல்லிடறேன். முதல் தேதி வரைக்கும் அவங்களையும் ஏமாத்தக் கூடாது." அழவில்லை. ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். அழுதிருந்தால் ஒருவேளை நான் இன்னும் ஒரு மணி நேரம் கல் மாதிரி இருந்திருப்பேன்.

மூன்று மணிக்குப் புத்தகத்தை எடுத்து வந்து மேசை மேல், அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"சீல் முதல்லயே ரெண்டு. வந்த அன்னிக்கே பாத்தேன்."

அகல்யாவுக்கு விளங்கவில்லை. திலீபனுக்கு விளங்கிவிட்டது. பார்சலில் கிடக்கிறவன். புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் மேல் சீலின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினான். அடியில் இருந்த பழைய சீலில் தேதி அச்சடித்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. கடைப் பெயரும் வேறு.

"இது பழைய சாமான்! அடேய், புதுசுன்னு சொல்லி வித்திருக்கான்!" திலீபன் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "அகல், முதல் வீடியோவைப் போடு. மாமா மெஷினைத் திருப்பினாரே, அந்த இடம்."

போட்டார்கள். இரண்டு நிமிஷம் பத்தாவது செகண்டில் என் கை மெஷினைத் திருப்புகிறது. ஓரத்தில் சீல். பெரிதாக்கினால் அடியில் பழுப்புக் கோடு. எங்கே பார்ப்பது என்று தெரியாதவன் நூறு தடவை பார்த்தாலும் தெரியாது. இந்தத் துண்டு வெட்டுவதற்கு முந்தையது. மெஷினில் பொட்டும் இல்லை, சீலும் கிழியவில்லை.

"மேல என்ன எழுதியிருக்கு? நேரம் எல்லாம் இருக்கா?" அகல்யா புத்தகத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "பத்து இருபது. வெள்ளை லாரி 4417. டேப் சரி. சீல் இரண்டு. அடியில் பழையது. கூடத்தில் மாற்றியிருப்பார்கள். திலீ…"

நிறுத்திவிட்டாள்.

திலீபன் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினான். அவனே படித்தான், மனசுக்குள்.

"அப்பா," என்றாள் அகல்யா. "என்ன இது?"

"எழுதினதுதான்."

"நான் மாத்திட்டேன்னு நினைச்சீங்களா, மாமா?"

"எழுதும்போது அப்படித்தான் நினைச்சேன். நேத்து வரைக்கும் அப்படித்தான். நேத்து உங்க கேட்டுல லாரி நம்பரைக் காட்டினேன். உங்க கூடம் இல்லைன்னு சுகுமாரன் சொன்னான்."

"என் வேலை இடத்துக்கே போனீங்களா?"

"போனேன்."

"பேரைச் சொன்னீங்களா?"

"வாயால சொல்லல. அவன் படிச்சிருப்பான்."

அவன் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். சாக்கடை ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மழை தூறியது. உள்ளே வரவில்லை. மீனம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அவள் கரண்டியால் அடித்திருக்கலாம். சுவரில் மணி மூன்று நாற்பது. அகல்யா போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாலு மணிக்கு உள்ளே வந்தான். சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"படம் எடு," என்றான் அவளிடம்.

"அந்த ஒரு வரி வராம எடுக்கறேன். மேல பாதி தனியா, கீழ பாதி தனியா…"

"வெட்டாதே. வெட்டினா மறுபடியும் வெட்டிட்டாங்கன்னுதான் சொல்வான். முழுசா எடு."

"சரி, அவங்களுக்குத் தமிழ் தெரியாதுல்ல. அந்த வரியை மட்டும் விட்டுட்டு மத்ததை இங்கிலீஷ்ல எழுதறேன்."

"அதையும் எழுது."

"உங்க பேரையுமா?"

"என் பேரையும்தான். சொந்த மருமகனையே நம்பாத ஆளு எழுதின புத்தகம்னு தெரிஞ்சாத்தான் அவனுங்க இதை நம்புவானுங்க."

மீனம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திலீபன் சிரிக்கவில்லை. அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மெஷினைப் பார்த்தேன். பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அகல்யா எல்லாவற்றையும் எழுதினாள். சிவப்பு, குங்குமம் என்றும், சாமிக்காக வெளியே வைத்தது என்றும் எழுதினாள். வீடியோவை நிறுத்தியது அப்பா சொல்லித்தான் என்று எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்று ஐந்துக்குக் கடைக்காரன் கூப்பிட்டதற்கு அவள் போனிலேயே அடையாளம் இருந்தது, அதையும் சேர்த்தாள். நாலு முப்பத்தெட்டுக்கு அனுப்பினாள். அந்த நேரத்தை நான் எழுதவில்லை. பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

திங்கட்கிழமை பெரிய கம்பெனி பதில் போட்டது. சாமானைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் வரும். எல்லாரும் குதித்தார்கள். நான் குதிக்கவில்லை. வரும் என்பது பணம் இல்லை, வந்தால்தான் பணம். சாமானை அன்றைக்கே அனுப்பினோம், பணம் வியாழக்கிழமை வந்தது. பேங்க் மெஷினில் எடுத்துக் காட்டும் வரைக்கும் நான் நம்பவில்லை, எடுத்த பிறகு ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

இத்தனை நாளும் திலீபன் என்னிடம் பேசவில்லை. சண்டை இல்லை, முறைப்பு இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான், போய்விடுவான். முன்பு போகும்போதும் வரும்போதும் "மாமா" என்று ஒரு சத்தம் கொடுப்பான். அது இல்லை. அந்தச் சத்தம் இருந்தபோது நான் அதைக் கவனித்ததில்லை. "இன்னும் நல்லா எழுதுங்க," என்று மட்டும் சொன்னாள் மீனம்மா.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்கத்தான் இரண்டு தடவை அவன் மோட்டார் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு தடவை டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை அதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மலாக்கா டவுனில் ஒரு கடைக்குப் போய்ப் புது கம்ப்யூட்டர் வாங்கினோம். கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது, கடைக்காரனுக்கு முகமும் இருந்தது. அதற்காக அவனை நம்பிவிட்டேன் என்று அர்த்தமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் திலீபன் போனை எடுத்தான். கடையில் வாங்கியதற்கு வீடியோ எதற்கு என்று அகல்யா கேட்டாள். "இருக்கட்டும்," என்றான்.

டேப்பைக் கிழித்தாள். மெஷினைத் தூக்கினாள். நான் திருப்பினேன். குனிந்து பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். நகத்தால் ஓரத்தைத் தடவினேன். ஒன்றுதான்.

மீனம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். நான் விரலைத் தோய்த்தேன். திலீபன் போனைப் பிடித்தபடியே கேட்டான்.

"நிறுத்தவா, மாமா?"

ஒன்பது நாளுக்குப் பிறகு அந்தச் சொல்.

"வேணாம். ஓடட்டும்."

பொட்டை அட்டைப் பெட்டிக்கு வைத்தேன், மெஷினுக்கு வைக்கவில்லை. சூடம் காட்டினேன். எல்லாம் வீடியோவில் இருக்கிறது. அகல்யா சுவிட்சைத் தட்டினாள். நாங்கள் நாலு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது நிமிஷம் ஆனது. இருபத்தொன்று. அரை மணியும் ஆனது. அணையவில்லை.

சட்டைப் பையிலிருந்து 555-ஐ எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினேன். நேரம் எழுதினேன். "சீல் ஒன்று" என்று எழுதினேன். தோளுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. திலீபன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவை யார் மேல கண்ணு?"

"இன்னும் எழுதல," என்றேன்.